நன்னூலின் பத்துக் குற்றமும் என் நாவலின் 1,30,000 சொற்களும்

1964இல் தனுஷ்கோடியை அழித்த புயலை வைத்து நான் எழுதிய நாவலின் முதல் வரைவு 1,30,000 சொற்களில் முடிந்தது. அச்சுக்குப் போயிருக்கும் வடிவம் 92,000. இடையில் நடந்த வேலையை நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன். நாவலைச் சுருக்குவது பற்றி நம்மிடம் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ‘தேவையில்லாததை எடுத்துவிடு’ என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். எது தேவையில்லாதது என்பதுதானே கேள்வி? ஐந்நூறு பக்கத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாமே தேவை என்றுதான் தோன்றும்.

அளவைப் பதிப்பாசிரியர் சொல்லிவிட்டார். “25 ஃபாரத்துக்குள்ள கொண்டுவந்துருங்க மேடம். அதுக்கு மேல போனா விலை ஏறும். முதல் நாவலை அந்த விலைக்கு வாங்க யோசிப்பாங்க.” ஒரு ஃபாரம் 16 பக்கம். 25 ஃபாரம் என்றால் டெம்மி என்ற புத்தக அளவில் 400 பக்கம். தலைப்புப் பக்கம், உரிமைப் பக்கம், முன்னுரை எல்லாம் போக நாவலுக்கு 390 பக்கம் மிஞ்சும். அவர்களுடைய எழுத்துருவிலும் வரி இடைவெளியிலும் ஒரு பக்கத்துக்குச் சுமார் 235 சொற்கள் பிடிக்கும். என் கையில் இருந்ததோ 550 பக்கத்துக்கு மேல்.

முதலில் அளவுகோலைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. தமிழில் சொல் எண்ணிக்கையை அப்படியே நம்ப முடியாது. ‘போய்க்கொண்டிருந்தான்’ என்று சேர்த்து எழுதினால் ஒரு சொல், பிரித்து எழுதினால் இரண்டு. ‘சொல்லிவிட்டு’ ஒன்று, ‘சொல்லி விட்டு’ இரண்டு. பிரித்து எழுதும் பழக்கம் உள்ளவர் நாவல் முழுக்கத் துணைவினைகளைச் சேர்த்து எழுதினாலே கணக்கில் ஆயிரக்கணக்கான சொற்கள் குறைந்துவிடும். ஆனால் கதையில் ஒரு வரிகூடக் குறைந்திருக்காது. எனவே வெட்டத் தொடங்கும் முன்பே கோப்பு முழுவதையும் சேர்த்து எழுதும் முறைக்குச் சீராக்கினேன். 1,30,000 என்பது அதற்குப் பிறகு வந்த எண்ணிக்கை. அப்புறம், பதிப்பகத்தின் எழுத்துரு, எழுத்தளவு, ஓரம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி வேர்டில் அதே அமைப்பைச் செய்துகொண்டேன். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பி.டி.எஃப். எடுத்துப் பக்கக் கணக்கைப் பார்ப்பேன். சொல் கணக்கை விட அதுதான் உண்மையான கணக்கு.

அடுத்தது எக்செல் தாள். அத்தியாயத்துக்கு ஒரு வரிசை. எந்த நாள், எந்த இடம், யார் யார் வருகிறார்கள், எத்தனை சொல் என்று கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் ஒரே கேள்வி: இந்த அத்தியாயத்தில் யாருடைய முடிவு மாறுகிறது? பல வரிசைகளில் அந்தக் கட்டம் காலியாகவே நின்றது. காலியாக இருப்பதெல்லாம் குப்பை என்று சொல்ல மாட்டேன். ஒரு நாவலில் ஊர் மூச்சுவிட இடம் வேண்டும். ஆனால் காலிக் கட்டங்கள் நான்கைந்து வரிசையாக வந்தால் அங்கே கதை நிற்கிறது என்று பொருள். என் தாளில் அப்படி மூன்று இடங்கள் இருந்தன. வேலையை எங்கே தொடங்குவது என்பதை அந்தத் தாளே காட்டியது.

இனி நன்னூல். பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய இலக்கண நூல். அதன் பாயிரத்தில் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்கள் வரும். பள்ளியில் மனப்பாடம் செய்தவர்களுக்கு நினைவிருக்கும்: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை. நாவல் என்ற வடிவம் அவர் காலத்தில் இல்லை. இருந்தாலும் ஒரு கைப்பிரதியைத் திருத்த உட்காருகிறவருக்கு இதைவிடக் கச்சிதமான பட்டியல் எனக்குக் கிடைக்கவில்லை. காரணம், ‘நீளம்’ என்ற ஒரே புகாரை அது பல நோய்களாகப் பிரித்துக் காட்டுகிறது. கதையை விட்டு விலகிப் போவது ஒரு நோய். சொன்னதையே திரும்பச் சொல்வது இன்னொன்று. வெறும் சொல்லை அடுக்குவது வேறொன்று. ஒவ்வொன்றுக்கும் மருந்து தனி. விலகலை முழுதாகத் தூக்கலாம். திரும்பச் சொன்னதை, எது நல்ல இடம் என்று பார்த்து ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். வெற்றுச் சொல்லை வரி வரியாகத்தான் களைய முடியும்.

பிரதியை அச்செடுத்து, பென்சிலோடு ஒரு முறை முழுவதும் படித்தேன். எதையும் அடிக்கவில்லை. ஓரத்தில் குறி மட்டும்: ‘ம’ என்றால் மற்றொன்று விரித்தல், ‘கூ’ என்றால் கூறியது கூறல், ‘வெ’, ‘மி’, ‘செ’, ‘நி’ என்று மற்றவை. பிழையான சொல்லைக் குறிக்கும் வழூஉச்சொல்லை மட்டும் பட்டியலிலிருந்து விலக்கினேன். கடற்கரை மக்களின் பேச்சில் இலக்கணம் தேட நான் யார்?

பெரிய வெட்டுகளை முதலில் முடித்துவிட வேண்டும். வரிகளை மெருகேற்றிய பிறகு அந்த அத்தியாயமே வேண்டாம் என்றால் மனசு வராது. அதனால் ‘ம’ குறியிலிருந்து ஆரம்பித்தேன்.

இந்தக் கதையில் விலகல் ஏன் இவ்வளவு சேர்ந்தது என்றால், அந்த மண்ணின் வரலாறு அத்தனை வளமானது. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் சென்னையிலிருந்து வருகிற போட் மெயில் ரயில் நேரே தனுஷ்கோடிக் கப்பல் துறைக்கே போனது. அங்கிருந்து நீராவிக் கப்பலில் இலங்கையின் தலைமன்னார், பிறகு மறுபடியும் ரயிலில் கொழும்பு. அதற்கு முன்பு தூத்துக்குடி வரை ரயிலில் போய்க் கப்பல் ஏற வேண்டும். இர்வின், கோஷன் என்ற கப்பல்கள், சுங்கச் சோதனை, மண்டபம் முகாமில் தோட்டத் தொழிலாளர்களைத் தடுத்துவைத்துச் சோதித்தது என்று தோண்டத் தோண்ட வரும். புயலுக்குப் பிறகு பாம்பன் பாலத்தைச் சீர்செய்த கதை தனி. பாலத்தின் இரும்பு உத்தரங்களான கர்டர்களில் பெரும்பாலானவை கடலுக்குள் போய்விட்டன, நடுவில் கப்பலுக்குத் திறக்கும் ஷெர்சர் தூக்குப் பாலம் மட்டும் தப்பியது. ஆறு மாதக் கெடு கொடுத்த வேலையை இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். கடலுக்குள் கிடந்த கர்டர்களைத் தேடி எடுத்து மறுபடி தூக்கி வைத்தார்கள். பின்னாளில் கொங்கண் ரயில்வேயும் டெல்லி மெட்ரோவும் கட்டிய அதே ஸ்ரீதரன்.

இந்தப் பாலம் சீரமைப்புக்கு நான் ஒரு முழு அத்தியாயம் கொடுத்திருந்தேன். படித்தவர்கள் எல்லோரும் பாராட்டிய அத்தியாயம் அது. எக்செல் தாளில் அதன் கடைசிக் கட்டம் காலி. என் பாத்திரங்களில் ஒருவர்கூட அந்த வேலையில் இல்லை. அது நடக்கும்போது என் நாயகி பிலோமினா மண்டபம் கரையில் இருக்கிறாள், அவள் கவலை முழுக்கக் காணாமல் போன தம்பியைப் பற்றியது. பாலம் 46 நாளில் எழுந்தாலும் 460 நாளில் எழுந்தாலும் அவள் எடுக்கப்போகும் முடிவு ஒன்றுதான். அத்தியாயத்தைத் தூக்கினேன். அதிலிருந்து ஒரே ஒரு வரி மிஞ்சியது: கரையில் நிற்கும் பிலோமினாவின் கண்ணில், இரண்டு பக்கமும் ஒட்டு இல்லாமல் நடுக்கடலில் தனியாக நிற்கும் தூக்குப் பாலம். அவள் நிலைமைக்கு அந்த ஒரு வரி போதும்.

இதே அளவுகோலை இன்னொரு வரலாற்றுப் பகுதிக்கு வைத்தபோது விடை மாறி வந்தது. 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். இலங்கையில் குடியுரிமை இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று கணக்குப் போட்டார்கள். புயல் வந்தது டிசம்பர் 22 இரவு. இரண்டுக்கும் நடுவே இரண்டு மாதம்கூட இல்லை. என் நாவலில் கப்பல் துறைக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் ராமையாவுக்கு இலங்கையில் ஹட்டன் தோட்டத்தில் ஒரு தங்கை. ஒப்பந்தச் செய்தி வந்ததிலிருந்து, தங்கை எந்தக் கணக்கில் வருவாள் என்ற கலக்கம் அவருக்கு. ஒவ்வொரு கப்பலுக்கும் போய் நிற்கிறார். 22ஆம் தேதி மத்தியானம், வானம் சரியில்லை, ராமேஸ்வரம் போய்விடலாம் என்று மனைவி கூப்பிட்டபோது அவர் போகாததற்குக் காரணம் அதுதான். இந்தப் பகுதியும் வரலாறுதான், இதிலும் எண்கள் வருகின்றன. ஆனால் இதை எடுத்தால் ராமையா ஏன் அன்றைக்கு ஊரை விட்டுப் போகவில்லை என்பது விளங்காது. எனவே ஒப்பந்தம் இருந்தது. அறிக்கை போல நான் எழுதியிருந்த இரண்டு பக்கங்கள் மட்டும் போய், கடையில் ஒருவர் பேப்பரைச் சத்தமாகப் படிப்பதும் ராமையா டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்பதுமாக அரைப் பக்கத்தில் வந்தது.

ஆராய்ச்சி செய்து எழுதுகிற எல்லோருக்கும் இந்தச் சிக்கல் இருக்கும். ஆவணக் காப்பகத்திலும் பழைய பத்திரிகைகளிலும் தேடிச் சேர்த்ததை விட மனம் வராது. விட்டுவிடச் சொல்லவில்லை, இடம் மாற்றச் சொல்கிறேன். ‘வெட்டியவை’ என்று தனிக் கோப்பு வைத்து, தூக்கிய ஒவ்வொன்றையும் அத்தியாய எண்ணோடு அதில் ஒட்டினேன். எதுவும் அழியவில்லை என்ற தைரியம் இருந்தால் கை தாராளமாக வெட்டும். பாலத்தின் கதையைத் தனிக் கட்டுரையாக எழுதலாம் என்று எண்ணியிருக்கிறேன். விலகல்களை எடுத்ததில் மட்டும் ஏறக்குறைய 11,000 சொற்கள் குறைந்தன.

‘நி’ குறி, அதாவது நின்று பயன் இல்லாதவை. இதில் பெரும்பாலும் ஆட்கள். ரயில் நிலையப் போர்ட்டர் முருகன், தபால் பை தூக்கும் காளிமுத்து என்று இரண்டு பேர். இருவரும் நடைமேடையில் நிற்பார்கள், இருவரும் பிலோமினாவுக்குச் செய்தி கொண்டுவருவார்கள், இருவரும் நல்லவர்கள். இரண்டு பேருக்கும் வீடு, மனைவி, பழைய கதை என்று கொடுத்திருந்தேன். காளிமுத்துவை முருகனுக்குள் கரைத்துவிட முடிவு செய்தேன். தபால் பையையும் முருகனே தூக்கட்டும்.

இந்த வேலையைச் செய்யப்போகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, ஆணை ஆணோடும் பெண்ணைப் பெண்ணோடும் சேர்ப்பது எளிது. நம் வினைமுற்று பால் காட்டும். ஒரு பெண் பாத்திரத்தை ஆணுக்குள் கரைத்தால் வந்தாள், சொன்னாள், சிரித்தாள் என்று ஒவ்வொரு வாக்கியத்தின் வாலையும் பிடித்துத் திருத்த வேண்டும். இரண்டாவது, கணினியின் தேடி-மாற்றும் வசதி தமிழ்ப் பெயர்களில் காலை வாரும். ‘காளிமுத்து’ என்று தேடி ‘முருகன்’ என்று மாற்றச் சொன்னால் ‘காளிமுத்துவை’ என்பது ‘முருகன்வை’ ஆகிவிடும், ‘காளிமுத்துவுக்கு’ என்பது ‘முருகன்வுக்கு’ ஆகும். வேற்றுமை வடிவங்களை முதலில் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும்: காளிமுத்துவை - முருகனை, காளிமுத்துவுக்கு - முருகனுக்கு, காளிமுத்துவின் - முருகனின், காளிமுத்துவோடு, காளிமுத்துவும், காளிமுத்துதான் என்று எல்லாம் முடிந்த பிறகு கடைசியில்தான் வெறும் பெயர். ‘காளிமுத்துவைப் பார்த்தாள்’ என்பதில் வரும் ஒற்று அப்படியே பொருந்திவிடும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். முடிந்ததும் ‘காளி’ என்று மட்டும் ஒரு முறை தேடிப் பாருங்கள். ‘காளிமுத்தண்ணே’ என்று யாராவது கூப்பிட்டிருப்பார்கள்.

ஆள் குறைந்ததில் ஒரு நன்மை நான் எதிர்பார்க்காதது. தபால் பையும் முருகன் கைக்கு வந்ததால், 22ஆம் தேதி இரவு அவன் நடைமேடையில் காத்திருப்பதற்கு ஒரு காரணம் கிடைத்தது. அதுவரை அவன் சும்மா நின்றுகொண்டிருந்தான்.

‘கூ’ குறி பிரதி முழுக்கப் பரவிக் கிடந்தது. வாரப் பத்திரிகைத் தொடர்கதை படித்து வளர்ந்த தலைமுறை நாங்கள். போன வாரம் நடந்ததை இந்த வாரம் ஞாபகப்படுத்துவது தொடர்கதைக்கு அவசியம். புத்தகமாகப் படிப்பவர் நேற்று ராத்திரிதான் அந்தப் பக்கத்தைப் படித்திருப்பார். என் பிரதியில் ஒரு சம்பவம் முதலில் காட்சியாக வரும். அடுத்த அத்தியாயத்தில் ஒருத்தி இன்னொருத்திக்கு அதைச் சொல்வாள். அதற்கடுத்து யாராவது திண்ணையில் உட்கார்ந்து அதை நினைத்துப் பார்ப்பார்கள். மூன்றில் எது வலுவானதோ அது மட்டும் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். பெரும்பாலும் காட்சிதான் நின்றது. எல்லா இடத்திலும் அப்படி இல்லை. பிலோமினாவின் திருமணச் சண்டையைக் காட்சியாகக் காட்டியதைவிட, பல வருஷம் கழித்து அவள் நாத்தனாரிடம் ரெண்டே வரியில் சொல்வதுதான் தைத்தது. அங்கே காட்சியை எடுத்துவிட்டு அந்த ரெண்டு வரியை வைத்தேன்.

‘செ’ குறி சீக்கிரம் முடிந்த வேலை. சென்று தேய்ந்து இறுதல். அத்தியாய முடிவில் சம்பவம் முடிந்த பிறகும் அலை, நிலா, பெருமூச்சு என்று ஒரு பத்தி இழுத்திருந்தேன். கிட்டத்தட்ட எல்லா அத்தியாயத்திலும் கடைசிப் பத்தியை மறைத்துவிட்டுப் படித்துப் பார்த்தால் போதும், அது வேண்டுமா வேண்டாமா என்று தெரிந்துவிடும். பெரும்பாலானவை வேண்டாம்.

மிகைபடக் கூறலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது புயல் அத்தியாயங்களில் மொத்தமாகக் குவிந்திருந்தது. பாம்பனிலிருந்து 22ஆம் தேதி இரவு 11.55க்குக் கிளம்பிய 653ஆம் எண் பாசஞ்சர் தனுஷ்கோடியை நெருங்கும்போது அலை அடித்து ரயிலோடு எல்லோரையும் கொண்டுபோனது. முதல் வரைவில் நான் பெட்டிக்குள்ளேயே போயிருந்தேன். அழுகிற குழந்தை, ஜெபமாலை உருட்டும் கிழவி, ஜன்னலைச் சாத்தப் போராடும் இளைஞன் என்று ஒன்பது பக்கம். அலைக்கு நான் வைத்திருந்த அடைமொழிகளை எண்ணவே கூச்சமாக இருக்கும் அளவுக்கு இருந்தன. வாசித்துக்கொண்டே போனபோது ஒரு விஷயம் உறைத்தது. அந்தப் பெட்டிக்குள் என்ன நடந்தது என்று சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. அவர்களுடைய கடைசி நிமிடங்களை என் கற்பனையால் அலங்கரிக்க எனக்கு உரிமை இருக்கிறதா? ஒன்பது பக்கத்தையும் எடுத்தேன். அதற்குப் பதில் நடைமேடையில் தபால் பைக்காகக் காத்திருக்கும் முருகன். வண்டி வர வேண்டிய நேரம் தாண்டுகிறது. சிக்னல் விளக்கு தெரியவில்லை. காற்றுக்கு நடுவே ஒரு ஊதல் கேட்ட மாதிரி இருக்கிறது, அப்புறம் இல்லை. ஒன்றரைப் பக்கம். அலை என்ற சொல்லே அதில் வரவில்லை.

இதெல்லாம் முடிந்தபோது பிரதி ஒரு லட்சத்துச் சொச்சம் சொற்களுக்கு வந்திருந்தது. இனி வரி வேலை, ‘வெ’ குறி. வெற்றெனத் தொடுத்தல். இதை விளக்குவதைவிட ஒரு பத்தியைக் காட்டுவதே நல்லது. முதல் வரைவு:

“இரவு நேரத்தில் கடல் மிகவும் பயங்கரமாக இரைந்துகொண்டிருப்பதை அவளால் நன்றாகவே உணர முடிந்தது. காற்றின் வேகம் கொஞ்சம் கொஞ்சமாக அதிகரித்துக்கொண்டே போய்க்கொண்டிருந்தது. ஏதோ ஒரு இனம்புரியாத பயம் அவளுடைய மனதைப் பற்றிக்கொண்டது. அவள் மெதுவாக எழுந்து சென்று கதவின் தாழ்ப்பாள் சரியாகப் போடப்பட்டிருக்கிறதா என்று ஒரு முறை சரிபார்த்துவிட்டு மீண்டும் வந்து பாயில் படுத்துக்கொண்டாள்.”

அச்சுக்குப் போன வடிவம்:

“கடல் இரைந்தது. காற்று ஏறிக்கொண்டே போனது. எழுந்து தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து படுத்தாள்.”

39 சொல் 11 ஆனது. இரவு என்பது முந்தின பத்தியில் விளக்கை அணைத்தபோதே தெரிந்துவிட்டது. ‘உணர முடிந்தது’ என்பது கடலுக்கும் வாசகருக்கும் நடுவே பிலோமினாவைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அவள் நகர்ந்தால்தான் கடல் கேட்கும். பயத்தைப் பற்றிய வாக்கியம் முழுவதும் போனதற்குக் காரணம் ‘தொட்டு’ என்ற ஒரு சொல். இருட்டில் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறவளின் பயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ‘ஏறிக்கொண்டே போனது’ என்பதில் உள்ள தொடர்ச்சியை ‘ஏறியது’ என்று சுருக்கவில்லை. அன்று இரவு காற்று ஒரே அடியாக வரவில்லை, ஏறிக்கொண்டேதான் இருந்தது. அந்த ‘கொண்டே’க்கு வேலை இருக்கிறது.

வேலை இல்லாத ‘கொண்டிருந்தான்’கள் நம் உரைநடையில் நிறைய. ‘அவன் டீ குடித்துக்கொண்டிருந்தான்’ என்பது, நடுவில் யாராவது வந்தால் சரி. யாரும் வரவில்லை என்றால் ‘டீ குடித்தான்’ போதும். அதே மாதிரி ‘ஒரு’. ‘ஒரு பெரிய மரத்தின் கீழ் ஒரு கிழவர் ஒரு துண்டை விரித்து’ என்று எழுதுவது எப்போது பழக்கமானதோ தெரியவில்லை, மூன்றில் ஒன்றுகூட வேண்டாத இடங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. ‘என்பதை’, ‘என்ற எண்ணம்’, ‘செய்யப்பட்டது’, ‘காணப்பட்டது’ இவற்றையும் தனித்தனியாகத் தேடி நிறுத்திப் பார்த்தேன். ‘என்றான்’, ‘என்றாள்’ மட்டும் வேறு மாதிரி. இரண்டு பேர் மட்டும் பேசும் இடத்தில் பேச்சிலேயே உறவு தெரிந்துவிடும். ‘மதினி’ என்று ஒருத்தி கூப்பிட்டால் சொல்வது யார் என்று மறுபடி எழுத வேண்டியதில்லை. மூன்றாவது ஆள் வந்ததும் ‘என்றாள்’ வேண்டும், இல்லாவிட்டால் அது மயங்க வைத்தல் ஆகிவிடும்.

இந்தச் சுற்றைத் திரையில் செய்யக் கூடாது என்பது என் கருத்து. அச்செடுத்து, வாய்விட்டுப் படித்துத்தான் செய்தேன். நாக்கு எங்கே தடுக்குகிறதோ அங்கே சொல் அதிகம், அல்லது வெட்டியதில் வாக்கியம் முடமாகிவிட்டது. இரண்டாவதும் நடக்கும். குட்டை வாக்கியங்கள் வரிசையாக விழுந்து தந்தி மாதிரி ஒலித்த பத்திகளில் இரண்டு மூன்றைச் சேர்த்து மறுபடி நீட்டினேன். வரி வேலையில் குறைந்தது சுமார் 11,000 சொற்கள். நாவல் முழுக்க ஒரு நிகழ்ச்சிகூடப் போகாமல் இவ்வளவு குறையும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், நல்ல காட்சியைத் தூக்கலாமா என்று தவிக்கும்போது கொஞ்சம் நிதானம் வரும்.

அதற்குப் பிறகுதான் மாறுகொளக் கூறல் தலைகாட்டியது. வெட்டியதால் வந்த முரண்கள். தூக்கிவிட்ட ஒன்பதாம் அத்தியாயத்தில் ராமையா முருகனுக்கு ஒரு அரிக்கேன் விளக்கு கொடுப்பார். முப்பத்தொன்றில் முருகன் ‘ராமையாண்ணன் கொடுத்த வெளக்கு’ என்கிறான். வாசகருக்கு அது எந்த விளக்கு என்றே தெரியாது. இப்படிப்பட்டவற்றைப் பிடிக்க, பொருள்களுக்கும் உறவுகளுக்கும் காயங்களுக்கும் எக்செலில் இன்னொரு தாள் போட்டு, ஒவ்வொன்றும் முதலில் வரும் பக்கத்தைக் குறித்தேன். முதல் பக்கம் காலியாக இருந்தால் ஒரு வரி ஒட்ட வேண்டும். விளக்கை டீக்கடைக் காட்சியில் ஒரே வாக்கியத்தில் கைமாற்றினேன். நாள்களையும் இப்படியே சரிபார்த்தேன். உண்மைச் சம்பவத்தை வைத்து எழுதும்போது டிசம்பர் 22 நகராது. மற்றவை எல்லாம் அதற்கு ஏற்றபடி நகர வேண்டும்.

பட்டியலின் முதல் குற்றம் குன்றக் கூறல், அதாவது வேண்டியதைவிடக் குறைவாகச் சொல்வது. பவணந்தி அதைத்தான் முதலில் வைத்திருக்கிறார். வெட்டிய கையால் வெட்டியதைப் பார்க்க முடியாது, அந்த இடத்தில் என்ன இருந்தது என்று கைக்குத் தெரியும். எனவே முன் வடிவத்தைப் படிக்காத இரண்டு பேரிடம் கொடுத்தேன். ஒருவர் ராமேஸ்வரம் பக்கமே போகாத கோயம்புத்தூர்த் தோழி. இன்னொருவர் பாம்பனில் பிறந்து வளர்ந்த என் பெரியம்மா. தோழிக்குக் கப்பல் துறை எங்கே, ரயில் நிலையம் எங்கே என்று பிடிபடவில்லை. பெரியம்மா போன் செய்து கேட்டார்: “ஏம்மா, அந்தப் புள்ள பிலோமி எப்படிக் கரையேறுச்சு? தண்ணிக்குள்ள நிக்குது, அடுத்த பக்கத்துல மண்டபத்துல நிக்குது. நடுவுல அது பட்ட பாட்டைச் சொல்லவே இல்லையே?” சரியான கேள்வி. மிகை என்று குறி போட்டு நான் எடுத்த பகுதியில் அவள் பிழைத்த வழியும் சேர்ந்து போயிருந்தது. ‘வெட்டியவை’ கோப்பைத் திறந்து, அவள் மணல் மேட்டில் விடியும் வரை கிடந்த பகுதியை எடுத்து, அடைமொழிகளைக் களைந்துவிட்டுத் திரும்ப வைத்தேன். இப்படித் திரும்பி வந்தவை எல்லாம் சேர்த்து ஆயிரம் சொல் இருக்கும். காற்றுப் பெயர்கள் விஷயத்திலும் பெரியம்மா பிடிவாதமாக இருந்தார். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் நான்கையும் ஒரு கிழவர் பேரனுக்குப் பாடம் நடத்துகிற மாதிரி இருந்த பத்தியை நான் எடுத்திருந்தேன். “பாடம் வேண்டாம், பேரு வேணும்” என்றார். பேச்சுக்குள் இயல்பாக வருகிற மாதிரி அந்தந்த இடத்தில் போட்டேன்.

டீக்கடை அத்தியாயம் இப்போதும் மற்றவற்றைவிட நீளம். பதிப்பாசிரியரும் அதைச் சுட்டிக்காட்டினார். ராமையா ஊரை விட்டுப் போக மறுப்பதை வாசகர் நம்ப வேண்டுமானால் அந்தக் காத்திருப்பு அவர்களுக்கும் நீள வேண்டும் என்று சொன்னேன். மறுபடி படித்துவிட்டு, அப்படியே இருக்கட்டும் என்றார்.

கடைசிப் பி.டி.எஃப். 388 பக்கம் வந்தது. இன்னும் இரண்டு பக்கம் இடம் இருக்கிறது, என்ன செய்யலாம் என்று அவர் கேட்டபோது வரைபடம் கேட்டேன். இன்று ரயிலில் ராமேஸ்வரம் போகிறவர்கள் 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் நேராக ராமேஸ்வரத்தில்தான் இறங்குகிறார்கள். 1964 வரை முதன்மைப் பாதை பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போனது, ராமேஸ்வரம் கிளைப் பாதை. இது தெரியாமல் கதை புரியாது, தோழி திணறியதும் இதனால்தான். மூன்றாம் அத்தியாயத்தில் இதை விளக்க இரண்டு பத்தி வைத்திருந்தேன். பாதை, கப்பல் துறை, நிலையம், தேவாலயம் எல்லாம் குறித்த வரைபடம் முன்பக்கத்தில் வந்துவிட்டதால் அந்த இரண்டு பத்தியையும் நேற்று எடுத்துவிட்டேன்.